பரிச வேன் வழியில் நிற்காது

எனக்கு இடது பக்கச் சிறுநீரகம் இரட்டை. அதற்காக எனக்கு மூன்று சிறுநீரகம் என்று நினைத்துவிட வேண்டாம். அப்படி ஒரு பேச்சு ஏற்கெனவே எங்கள் ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறது. "கூட ஒண்ணு கெடக்குதாம்ல, சும்மா வச்சு என்ன பண்ணப் போற, யாருக்காச்சும் குடுத்தாப் புண்ணியமாப் போகும்ல" என்று பஸ் ஸ்டாப்பில் ஒரு மகராசி என் முகத்துக்கு நேரே கேட்டாள். "ஒங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு இருக்கு, மொதல்ல அதுல ஒண்ண வாங்கிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. என் அம்மா வருத்தப்பட்டுச் சொல்வாள், என் வீட்டுக்காரர் பயந்து சொல்வார், ஆனால் இரண்டு பேரும் சொல்வது அதைத்தான்.

விஷயம் இவ்வளவுதான். எல்லோருக்கும் ஒரு சிறுநீரகத்திலிருந்து ஒரு குழாய் இறங்கி மூத்திரப்பைக்குப் போகும். எனக்கு இடது பக்கம் ஒரே சிறுநீரகத்துக்குள் மேல்பாதி தனி, கீழ்ப்பாதி தனி, ஆளுக்கொரு குழாய். அண்ணன் தம்பி ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு மூட்டிக் குடித்தனம் பண்ணுவதில்லையா, அந்த மாதிரி. மேல்பாதியால் ஒரு தொந்தரவும் இல்லை. கீழ்ப்பாதிக் குழாய்தான் பையில் சேருகிற இடத்தில் சரியாக மூடாது. பை நிறைந்தால் கீழே போக வேண்டியது மேலே ஏறும். ஏறித் தங்கினால் கிருமி. கிருமி வந்தால் விலாவில் குத்தல், உடம்பைத் தூக்கித் தூக்கிப் போடும் குளிர்க்காய்ச்சல்.

கல்யாணமாகி என் மகள் பிறந்த பிறகுதான் இது எனக்கே தெரிந்தது. மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். "பிறவியிலயே இப்படித்தாம்மா. நிறைய பேருக்கு இருக்கும், கடைசி வரைக்கும் தெரியாமலே இருந்துட்டுப் போயிடுவாங்க. இது நோய்னு நினைக்காதீங்க, உங்க உடம்போட அமைப்பு. தண்ணி நல்லா குடிங்க. வந்தா அடக்காதீங்க. போனா அவசரப்படாம முழுசா போங்க. காய்ச்சல் கண்டா அன்னைக்கே வந்துடுங்க. மத்தபடி ஜம்முனு இருக்கலாம்."

வந்தால் அடக்கக் கூடாது. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! அந்த டாக்டரம்மாவின் அறையிலேயே, நாற்காலிக்குப் பின்னால், கதவு போட்ட கழிவறை ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. நான் இருக்கிற சீமை எம்.ரெட்டியபட்டிப் பக்கம். வீட்டில் கழிவறை இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். வீட்டை விட்டு இறங்கினால்தான் வினை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் பருத்திக்காடு, அந்தப் பக்கம் பருத்திக்காடு, அதையும் விட்டால் சீமைக்கருவேலம். பருத்திச் செடி முழங்கால் உயரத்துக்கு மேல் வளர்ந்தால் அந்த வருசம் நல்ல வருசம். அதற்குப் பின்னால் யார் ஒளிய முடியும்?

நான் அருப்புக்கோட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். சேர்ந்த அன்றைக்கே முதலாளியிடம் சம்பளத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மாடிக் கழிவறைச் சாவியைப் பற்றிப் பேசியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் ஊர் ஊராகக் கோயில் தெரிந்து வைத்திருப்பார்கள். நான் கக்கூஸ் தெரிந்து வைத்திருக்கிறேன். மதுரை ரோட்டில் எந்தப் பெட்ரோல் பங்கில் பூட்டு இல்லை, எந்தக் கல்யாண மண்டபத்துக் காவல்காரர் முகம் சுளிக்காமல் விடுவார், எந்தச் சர்ச்சுக்குப் பின்னால் பைப்பில் தண்ணீர் வரும், எல்லாம் எனக்கு அத்துபடி. கூச்சமாக இருந்தது ஒரு காலம். இப்போது "அண்ணே, பாத்ரூம் எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டுக்கொண்டேதான் எந்த இடத்துக்குள்ளும் நுழைகிறேன்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் இதற்கெல்லாம் மெனக்கெட மாட்டார்கள். அவர்களுக்கு ஒரே வழிதான் தெரியும். தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். நாளைக்கு ஒரு விசேஷம், பஸ்ஸோ வேனோ ஏற வேண்டும் என்றால் முந்தின நாள் பொழுது சாய்ந்ததிலிருந்தே சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்காது. காலையில் காப்பியும் கிடையாது. இதில் பெருமை வேறு. என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு மதினி, ராமேஸ்வரம் போய்விட்டு வந்து சொன்னார்: "போகவும் வரவும் பச்சத் தண்ணி பல்லுல படலயே! ஒரு எடத்துல எறங்கல தெரியும்ல." என்னவோ விரதம் இருந்து வரம் வாங்கி வந்த மாதிரி மற்றவர்களும் அதைக் கேட்டு வாயைப் பிளந்தார்கள். அடி ஆத்தி, வெயிலில் காய்கிற ஊரில் பிறந்து, தண்ணீர் குடிக்காமல் இருப்பதையும் கெட்டிக்காரத்தனம் என்று பழகி வைத்திருக்கிறோமே என்று எனக்கு ஆத்திரமாக வரும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். அதனால்தான் ஆத்திரம் இன்னும் ஜாஸ்தி.

இரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு காதுகுத்துக்குப் போய், கூட வந்த பெண்கள் முன்னால் கேட்க வெட்கப்பட்டு, நாள் பூராவும் அடக்கி வைத்திருந்துவிட்டேன். வீடு வந்து சேர்வதற்குள் பல் கிட்டித்துவிட்டது. கம்பளி மேல் கம்பளி போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கையில் ஊசியைக் குத்தி மருந்து ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். காய்ச்சல் இறங்கின பிறகு டாக்டரம்மா வந்து நின்றார். அந்தத் தடவை சிரிக்கவில்லை. "கீழ்ப்பாதில தழும்பு விழ ஆரம்பிச்சிருக்கு. இன்னொரு தடவை இப்படி முத்த விட்டீங்கன்னா அந்தப் பாதிய எடுத்துடற மாதிரி ஆகிடும். நான் பயமுறுத்தலை. உங்க கையிலதான் இருக்கு" என்றார். அன்றைக்குக் கட்டிலில் படுத்தபடியே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இனி எந்தச் சாமி வந்து தடுத்தாலும் அடக்க மாட்டேன்.

வீட்டில் என்னைக் கொடுமைப்படுத்தினார்கள் என்று சொன்னால் என் வாய் அழுகிப் போகும். மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், தினமும் வாழைத்தண்டு நறுக்கி நாரெடுத்துச் சாறு பிழிந்து கையில் கொடுத்தார். போதும் போதும் என்று நான் ஓடுகிற அளவுக்குக் கொடுத்தார். ஒரு குடம் தூக்க விடமாட்டார். ஆனால் வெளியில் மூச்சு விடக்கூடாது என்று ஒரே கண்டிப்பு. காரணம் என் கொழுந்தன். அவருக்குப் பெண் அமையவே இல்லை. கரிசக்காட்டில் கட்டிக்கொடுத்தால் தண்ணிக்கு என்ன செய்வாள், பருத்தி வெடிக்காவிட்டால் என்ன தின்பாள் என்று பார்த்த இடமெல்லாம் தட்டிக்கொண்டே போனது. இதில் மூத்த மருமகளுக்குக் கிட்னியில் கோளாறு என்று தெரிந்தால் குடும்பத்துக்கே சீக்கு என்று ஒதுக்கிவிடுவார்களாம்.

"அத்த, நான் வேற வீட்லருந்து வந்தவ. என் கிட்னி எப்பிடி ஒங்க மகனுக்குத் தொத்தும்?" என்று கேட்டேன்.

"ஒனக்குத் தெரியுது, எனக்குத் தெரியுது. அவுகளுக்குத் தெரியணும்ல" என்றார்.

கடைசியில் சிவகங்கையைத் தாண்டி ஒரு ஊரில் பெண் அமைந்தது. பரிசம் போட நாள் குறித்தார்கள். எங்கள் ஆட்களிடம் பரிசம் போகிற வண்டிக்கு ஒரு முறை உண்டு. நல்ல நேரம் பார்த்துத் தேங்காய் உடைத்து வண்டி நகர்ந்துவிட்டால் பெண் வீட்டு வாசல் வரைக்கும் நிறுத்தக் கூடாது. சேலை, தேங்காய், பழம், வெற்றிலை, மஞ்சள் வைத்த தட்டுகளைச் சுமங்கலிகள் மடியில் வைத்திருக்க வேண்டும். பெண் வீட்டு நடுவீட்டில் இறக்கும்வரை அந்தத் தட்டு தரையைத் தொடக் கூடாது. தொட்டால் சம்பந்தம் முறிந்த மாதிரி. அதிலும் பரிசச் சேலை வைத்த பெரிய தட்டு வீட்டுக்கு மூத்த மருமகள் மடியில்தான் இருக்க வேண்டும். அதாவது என் மடியில்.

"நான் வரல அத்த" என்று சொல்லிப் பார்த்தேன்.

"மூத்த மருமக எங்கன்னு கேப்பாகளே, நான் என்னன்னு சொல்ல? மூஞ்சிய எங்கிட்டு வைக்க?"

மாமனாரிடம் என் வீட்டுக்காரர் போய் ஏதோ பேசிவிட்டு வந்தார். "திருச்சுழில பூ வாங்க வண்டிய நிப்பாட்டுவாகளாம். அது சாமி காரியம், குத்தமில்லையாம். அங்க நீ எறங்கிக்கலாம்" என்றார். நம்பினேன். பூக்கடை எங்கே இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் யாரிடம் கேட்டால் விடுவார்கள் என்றெல்லாம் மனசுக்குள் பார்த்து வைத்துக்கொண்டேன். காலையில் எல்லாப் பெண்களும் நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்க, நான் மட்டும் செம்பு நிறையத் தண்ணீர் குடித்தேன். அத்தை பார்த்தார். பார்த்த பார்வை போதும். வேன் ஏறுவதற்கு முந்தின நிமிசம் கழிவறைக்கும் போய்விட்டு வந்தேன்.

வேனில் கடைசி வரிசையில் எங்களை அடைத்தார்கள். ஜன்னல் ஓரம் மதினி, நடுவில் நான், இந்தப் பக்கம் அத்தை. ஆளுக்கொரு தட்டு. எங்களுக்கு முன்னால் சொந்தக்காரப் பெண்கள், அதற்கு முன்னால் ஆண்கள், டிரைவர் பக்கத்தில் மாமனார். சீட்டுகளுக்கு நடுவே நடக்கிற பாதையில் வாழைத்தார் ஒன்றும் பலகாரச் சட்டிகளும். என் மடித் தட்டில் சேலைக்கு மேல் தேங்காய்களை அடுக்கி, சரியாமல் இருக்கப் பழச்சீப்பை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கனம் முழுக்க அடிவயிற்றில் உட்கார்ந்தது. தேங்காய் உடைந்தது, வண்டி நகர்ந்தது.

திருச்சுழி வந்தது. வண்டி மெதுவானது. நான் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழத் தயாரானேன். கடைக்காரர் ரோட்டோரத்தில் பூக்கூடையோடு தயாராக நின்றிருந்தார். மாமனார் முந்தின நாளே போன் போட்டுச் சொல்லிவிட்டாராம். உருண்டுகொண்டிருந்த வண்டியின் ஜன்னல் வழியாகக் கூடை உள்ளே வந்தது. வண்டி நிற்கவே இல்லை. "பாத்தீகளா, சக்கரம் நிக்காம வாங்கிட்டோம்ல!" என்று மாமனார் திரும்பி எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தலையில் கல்லைப் போட்ட மாதிரி இருந்தது.

என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் கண்ணாலேயே கேட்டேன். அவர் கையை இப்படி ஆட்டினார், கொஞ்சம் பொறு என்று. அந்த மனுசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அன்றைக்கு அந்த இடத்தில் பிடிக்கவே இல்லை.

திருச்சுழி தாண்டினதும் வெயில் ஏறிவிட்டது. வறண்ட கண்மாய், கரையெல்லாம் கருவேலம், மறுபடி வறண்ட கண்மாய். ரோட்டில் ஒரு பள்ளம் வந்தால் தேங்காய்கள் குதித்து அதே இடத்தில் இடித்தன. வேறு எதையாவது நினைக்கலாம் என்று பார்த்தேன். மகளின் பள்ளிக்கூடம், கடையில் வந்து கிடக்கிற கண்ணாடிகள், என்ன நினைத்தாலும் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் இடது விலாவில், முதுகுப் பக்கமாக, லேசாக ஒரு இழுப்பு. எனக்கு அது யார் என்று தெரியும். கீழ்க்குழாயில் ஏற ஆரம்பித்துவிட்டது. பாதிச் சிறுநீரகத்தை வெட்டி எடுக்கிற மேசை என் கண் முன்னால் வந்துவிட்டது.

"அத்த, எனக்கு முடியல" என்றேன் காதருகில்.

"ஏத்தா, ஏத்தா, இன்னைக்கு ஒருநா. அடக்கிக்க. மானாமதுர வந்துரும்."

"மானாமதுரைலயும் நிப்பாட்ட மாட்டாகளே."

"சம்பந்தம் நின்னுபோனா ஒன்னையத்தான சொல்லுவாக. ஒனக்கு வேண்டாம் அந்தப் பேரு." தொடையில் கையை வைத்து அழுத்தினார். அவர் கை ஈரமாக இருந்தது.

மதினி அந்தப் பக்கத்திலிருந்து, "நாங்கள்லாம் இல்லயா? மனச வேற எங்கிட்டாச்சும் வையி" என்றார். என் மனசு எங்கே இருக்கிறது என்று நான் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் பரிசம் அங்கேயே முடிந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நரிக்குடிக்கு முன்னால் ரயில்வே கேட் போட்டிருந்தது. வண்டி நின்றது! எனக்கு ஒரு நிமிசம் உயிர் வந்தது. மாமனார் எழுந்து பின்னால் திரும்பி எல்லோருக்கும் தீர்ப்புச் சொன்னார். "கேட்டு போட்டா அது நாம நிப்பாட்டுனதாகாது. தோசமில்ல." சொல்லிவிட்டு அவரே கதவைத் திறந்து இறங்கினார். பின்னாலேயே ஆண்கள் எல்லோரும் இறங்கினார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கருவேல மரத்துக்கு ஒரு ஆளாக, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். என் வீட்டுக்காரரும்தான். காற்று வாங்கிக்கொண்டு, நாட்டு நடப்புப் பேசிக்கொண்டு, ஒருத்தருக்கும் ஒரு அவசரமும் இல்லை.

நான் அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வரிசை. மடியில் தட்டு. பாதையில் வாழைத்தார். வேனுக்குப் பின்னால் ஒரு பஸ் வந்து ஒட்டி நின்று, அதில் உள்ள அத்தனை முகமும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. இருக்கிற மரத்தையெல்லாம் ஆண்கள் பிடித்துக்கொண்டார்கள். நான் என்ன செய்யலாம் என்று தவிப்பதற்குள் ரயில் ஓடி, கேட் ஏறி, ஆண்கள் கை உதறிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, வண்டி கிளம்பிவிட்டது. யாரோ ஒருவர் "அப்பாடா" என்றார்.

அந்த அப்பாடாதான். அதைக் கேட்டதும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அதுவரைக்கும் என் மேலேயே எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்கப்புறம் இல்லை.

"மாமா!" என்று கத்தினேன். அந்தக் குரலில் நான் மாமனாரை அதுவரை கூப்பிட்டதே இல்லை. "வண்டிய நிப்பாட்டச் சொல்லுங்க. நான் எறங்கணும்."

"என்னத்தா இது, பச்சப்புள்ள மாதிரி..."

"நிப்பாட்டுறீகளா, இல்ல இந்தத் தட்டக் கீழ வைக்கவா?"

பரிசத் தட்டை இரண்டு கையாலும் மடியிலிருந்து தூக்கி, முன் சீட்டுக்கும் என் காலுக்கும் நடுவில் இருந்த இடத்துக்கு மேலே பிடித்துக்கொண்டேன். தேங்காய்கள் ஆடின. முன்னால் இருந்த பெண் ஒருத்தி "ஆத்தாடி!" என்று நெஞ்சில் கையை வைத்தாள். மாமனார் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் கீழே வைத்தே இருப்பேன், சத்தியமாக. டிரைவர்தான் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "தட்ட வச்சிராதீகம்மா, நிப்பாட்டுறேன், நிப்பாட்டுறேன்" என்று ஓரம் கட்டினார்.

தட்டை அத்தையின் தட்டுக்கு மேலேயே வைத்தேன். அத்தை முகத்தை ஒரு மாதிரிச் சுளித்தார். கோபம் என்று நினைத்தேன். கோபப்பட்டால் படட்டும் என்று வாழைத்தாரைத் தாண்டி, பலகாரச் சட்டியைத் தாண்டி, ஆண்களின் முழங்கால்களைத் தாண்டி இறங்கினேன். கருவேலப் புதருக்குள் முள் சேலையை இழுத்தது. நன்றாக இழுக்கட்டும் என்று உள்ளே போனேன். டாக்டரம்மா சொன்ன மாதிரி அவசரப்படாமல், முழுசாகப் போனேன். வேனுக்குள் எல்லோரும் எனக்காகக் காத்திருப்பது தெரிந்தும் அவசரப்படவில்லை. விலாவில் இருந்த இழுப்பு மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தத் தடவை காய்ச்சல் வரவில்லை. அந்தச் சம்பந்தமும் நிற்கவில்லை. கொழுந்தன் பெண்டாட்டி இதோ அடுப்படியில் மிக்ஸி ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

திரும்பி ஏறினபோது ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. மாமனாரின் பிடரி மட்டும் விறைப்பாகத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான் என் இடத்தில் உட்கார்ந்து அத்தையின் மடியிலிருந்து தட்டைத் திரும்ப வாங்கினேன். வண்டி கிளம்பியது. திட்டு வரும், வரட்டும், திருப்பிக் கொடுக்க வார்த்தை தயாராக இருக்கிறது என்று காத்திருந்தேன். திட்டு வரவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"வண்டிதான் நின்னுச்சுல்ல? நீங்களும் எறங்கியிருக்கலாம்ல?" என்றேன் நானே, அத்தைக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அத்தை நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒனக்கென்ன. சொல்லிக்கிட ஒரு கிட்னி இருக்கு. நாங்க என்னத்தச் சொல்லி எறங்க?"

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அன்றைக்குக் காலையிலிருந்து அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. இரண்டு முழங்காலும் ஒன்றோடொன்று ஒட்டி நடுங்கிக்கொண்டிருந்தன. என் தட்டை அவர் மேல் அடுக்கினபோது சுளித்த முகம் கோபம் இல்லை. அதே கனம்தான் அவர் அடிவயிற்றிலும். தண்ணீரே குடிக்காதவருக்கு எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவில்லை. மூன்று பிள்ளை பெற்றவர், ஒரு இருமல் இருமினால் சேலை மாற்றுகிறவர் என்று துணி துவைக்கிற எனக்குத் தெரியாதா? அந்தப் பக்கம் மதினி, ராமேஸ்வரத்துக்குப் போய் வந்தவர், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஏதோ சாமி பேரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு என்ன தோன்றியதென்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வெட்கமும் இல்லை, இரக்கமும் இல்லை. கோபம்தான். பாதிச் சிறுநீரகம் போய்விடுமே என்று பயந்து பயந்து செத்துக்கொண்டிருக்கிறேன், இவர்கள் அதைப் பார்த்து இவளுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"மாமா!" என்று மறுபடியும் கத்தினேன்.

"இப்ப என்ன?"

"எனக்குத் திரும்பவும் வருது. கிட்னிக் கோளாறு, ஒரு தடவைல நிக்காது. நிப்பாட்டச் சொல்லுங்க. தனியா போக முடியல, மயக்கமா வருது. தொணைக்கு அத்தயும் மதினியும் வரணும்."

மாமனார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "அண்ணே, நிப்பாட்டுங்க" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு எங்களிடம் வந்து, "தட்ட இங்கிட்டுக் குடுங்க" என்று கையை நீட்டினார். ஆம்பளை பரிசத் தட்டைத் தொடலாமா என்று யாரோ கேட்டார்கள். அவர் காதில் வாங்கவில்லை. எங்கள் காலியான சீட்டில் உட்கார்ந்து தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடியில் வாங்கிக்கொண்டார். அந்தக் கனத்தில் அவர் மூச்சு ஒரு தடவை நின்று வந்தது. நான் நன்றாகப் பார்த்தேன்.

அத்தை இறங்கும்போது வேன் முழுக்கக் கேட்கிற மாதிரி, "சீக்குக்காரியத் தனியா விட முடியுமா, என் தலையெழுத்து" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். நான் மயக்கம் வருகிறவள் மாதிரி அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். உண்மையில் அவரைத்தான் நான் தாங்கிக்கொண்டு போனேன். நடக்க முடியவில்லை அவருக்கு.

கருவேலத்துக்குள் போனதும் நான் ரோட்டைப் பார்த்து, அவர்களுக்கு முதுகைக் காட்டி, முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். மதினி சீக்கிரம் எழுந்துவிட்டார். அத்தைக்கு வெகுநேரம் ஆனது. வேனில் ஹாரன் அடித்தார்கள். "அடிக்கட்டும், நீங்க மெதுவா இருங்க" என்றேன். பின்னால் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

அத்தை எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏத்தா" என்றார். "உள்ள போயி எனக்குத்தான் வந்துச்சுன்னு சொல்லிப்பிடாத."

சொல்லவில்லை. எனக்குத்தான் என்று சொன்னேன்.